ஒரே அம்பிளிஃபயரில் ஆறு ஸ்பீக்கர்கள்: ஏழாண்டு அனுபவம்

ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு ஸ்டீரியோ அம்பிளிஃபயரும் ஆறு ஸ்பீக்கர்களும் ஏழு ஆண்டுகளாகப் பாவனையில் உள்ளன. முன்னறை, விறாந்தை, சமையலறை ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு சோடியாக வைத்திருக்கிறேன்; எல்லாமே 8 ஓம் மின்தடை கொண்டவை.

அம்பிளிஃபயரின் பின்புறம் ஏ, பி என இரண்டு ஸ்பீக்கர் இணைப்புகள் உண்டு. முதலில் முன்னறைச் சோடியை ஏ-யில் மாட்டி, மற்ற இரண்டு சோடிகளின் வயர்களையும் ஒன்றாக முறுக்கி பி-யில் செருகியிருந்தேன். ஒரு தைப்பொங்கலன்று காலையிலிருந்து பாட்டுப் போட்டிருந்தோம். பிற்பகலில் கருகல் வாடை எழுந்து, ஓசை நின்றுபோனது. திருத்துபவர் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே, "எத்தனை ஸ்பீக்கர் மாட்டியிருக்கீங்க தம்பி?" என்றுதான் கேட்டார். ஸ்பீக்கர்களுக்கு மின்னோட்டம் கொடுக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எரிந்திருந்தன.

ஏ, பி இரண்டையும் சேர்த்துப் போட்டால், என்னுடைய அம்பிளிஃபயரில் அவை உள்ளே சமாந்தரமாக, அதாவது சிவப்போடு சிவப்பும் கறுப்போடு கறுப்புமாக, இணைகின்றன. ஆகவே இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று 8 ஓம் ஸ்பீக்கர்கள் சேர்ந்து, மொத்தத் தடை ஏறத்தாழ 2.7 ஓமாக இறங்கியிருந்தது. 8 வோல்ட் கொடுக்கும்போது ஒரு ஸ்பீக்கருக்கு 1 அம்பியர் போதும். மூன்றும் சமாந்தரமானால் 3 அம்பியர் ஓடும், அந்தச் சூட்டையெல்லாம் டிரான்சிஸ்டர்களே தாங்கவேண்டும். இரண்டு இணைப்புகளையும் ஒன்றாகப் பாவிப்பதானால் ஒவ்வொன்றிலும் 8 ஓமுக்குக் குறையக்கூடாது என்று பின்பலகையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதை நான் வாசிக்காததற்கு இன்றும் வருந்துகிறேன்.

இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் விறாந்தை ஸ்பீக்கரையும் சமையலறை ஸ்பீக்கரையும் தொடராக, அதாவது ஒன்றின் சிவப்பு முனையை அம்பிளிஃபயரின் சிவப்புக்கும், அதன் கறுப்பை மற்றதன் சிவப்புக்கும், எஞ்சிய கறுப்பை அம்பிளிஃபயரின் கறுப்புக்கும் கொடுத்திருக்கிறேன். பி 16 ஓம், ஏ 8 ஓம், இரண்டும் சேர்ந்து சுமார் 5.3 ஓம். தொடரில் உள்ளவை முன்னறையைவிட மெதுவாகவே ஒலிக்கும். சமையலறைக்கு அது போதுமானது. தொடரில் போடும் இரண்டும் ஒரே வகையாக இருப்பது அவசியம், இல்லையேல் ஓசையின் தன்மை கெடும். ஒரு பக்கத்து வயர் அறுந்தால் அந்தப் பக்கத்தின் இரண்டு ஸ்பீக்கர்களுமே அடங்கிவிடும். கூரைக்குள் எலி கடித்தபோது அப்படித்தான் நடந்தது.

சமையலறைக்கு 14 மீற்றர் தூரம். முதலில் போட்ட மெல்லிய வயரை எடுத்துவிட்டு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்தேன். போய்வரும் 28 மீற்றருக்கும் சேர்த்து அதன் தடை ஓமில் மூன்றிலொரு பங்களவே. வயரை மாற்றும் ஒவ்வொரு முறையும், அம்பிளிஃபயரிலிருந்து கழற்றிய முனைகளை மல்டிமீற்றரால் அளக்கிறேன். 8 ஓம் ஸ்பீக்கர் அதில் 6 அல்லது 7 என்று காட்டுவது வழமையே. ஒன்றுக்கும் கீழே காட்டினால் எங்கோ சோர்ட் ஆகியிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் பவர் போடக்கூடாது.

எங்கள் பக்கத்து மூடுபனியின் ஈரத்தில் செப்பு முனைகள் பச்சை பூத்துவிடுகின்றன. ஆண்டுக்கொரு முறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுகிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கியதுமே பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றிவிடுவோம்.