டிக் டிக் சத்தம் வந்த ஹார்டு டிஸ்க்: பக்கத்துக் கடையா, வெளியூர் லேபா?

தக்கலையில் அக்கா வீட்டு கல்யாணப் படங்கள் முழுக்க ஒரே ஹார்டு டிஸ்கில்தான் இருந்தன. ஒரு நாள் செருகியதும் டிக், டிக் என்று சத்தம். நாகர்கோவில் கடையில் கொடுக்கலாமா, பழுதான டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரும் சென்னை லேபுக்கு அனுப்பலாமா என்று வீட்டில் ஒரே பேச்சு.

தவறி அழித்த ஃபைல், பார்மட் ஆன டிஸ்க், ஆடும் யூஎஸ்பி போர்ட் என்றால் கடையே போதும். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஒன்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: முழு டிஸ்கையும் முதலில் நகலெடுத்து, அந்த நகலில்தானே தேடுவீர்கள்?

சத்தம் வந்தால் கதை வேறு. உள்ளே சுழலும் தட்டுக்கு மேல், தகவலைப் படிக்கும் முனையான ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஒரு தூசித் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது. தூசியை வடிகட்டிய கிளீன் ரூமில் இல்லாமல் சாதாரண மேசையில் மூடியைத் திறந்தால், மிச்சமிருப்பதும் தேய்ந்து போகும். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பதும் அதே கேடுதான். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம்; உள்ளே ஈரம் படியும்.

லேபில் பல ஆயிரம் ஆகும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனாலும் அந்தப் படங்களுக்காக லேபுக்குத்தான் அனுப்பச் சொன்னேன். அக்கா டிஸ்கை பஞ்சில் சுற்றி, பழைய டிபன் பாக்ஸில் வைத்துக் கூரியரில் அனுப்பினாள்.