லெவ் யாஷினைச் சுமந்துவரும் நூறு ரூபிள் தாள்: ஒரு மதிப்புரை

2018 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, மே 22 அன்று, ரஷ்ய மத்திய வங்கி 100 ரூபிள் மதிப்புள்ள நினைவுப் பணத்தாள் ஒன்றை வெளியிட்டது. சோவியத் ஒன்றியத்தின் கோல்கீப்பர் லெவ் யாஷின் அதில் பந்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கிறார். 2 கோடி தாள்கள் வெளியானதால் இதை அரிய பொருள் என்று சொல்ல முடியாது. பணத்தாள் சேகரிப்பவர்களின் கண்காட்சிகளிலும் இணைய விற்பனையிலும் இன்றும் கிடைக்கிறது. கால்பந்தை நேசிக்கிறவர்கள் இதை வாங்கலாமா, வாங்கினால் அந்த மனிதரைப் பற்றி இது எவ்வளவு சொல்கிறது என்பவற்றையே இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் தாளின் தரம். சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி ரஷ்யா வெளியிட்ட நூறு ரூபிள் நினைவுத்தாள் வழக்கமான காகிதத்தில் அச்சானது. இதுவோ பாலிமர், அதாவது நெகிழித் தாள்; ரஷ்யப் பணத்தாள்களில் இதுவே முதல் பாலிமர் தாள். சிங்கப்பூரின் 2, 5, 10 வெள்ளித் தாள்களைக் கையாண்டவர்களுக்கு இதன் வழுவழுப்பு புதிதாக இராது. 150 மில்லிமீட்டர் நீளமும் 65 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட இதை நெடுக்காகப் பிடித்துப் பார்க்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மேலே எழும்பும் ஓர் உடலைக் காட்டுவதற்கு இந்த நெடுக்கு அமைப்பு மிகவும் பொருந்துகிறது. நீலம் மேலோங்கிய வண்ணமும் தெளிவான அச்சும் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. ஒளி ஊடுருவும் பகுதியில் பந்து அமைந்திருப்பதால், தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பந்து காற்றில் நிற்பதுபோலத் தெரிகிறது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு ஓவியத்தின் உயிராகவும் ஆகியிருப்பதை இத்தாளின் மிகச் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன்.

முகப்பில் இரண்டு உருவங்கள் உள்ளன. ஒருவர் யாஷின், மற்றவன், பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சிறுவன். எந்த நாட்டுக் குழந்தையும் தன்னை அந்தச் சிறுவனின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆகவே படம் உடனே மனத்தைத் தொடுகிறது. ஆனால் யாஷினின் சொந்தச் சிறுவயதை அறிந்தவர்களுக்கு இப்படம் வேறொன்றையும் நினைவூட்டும். 1929 அக்டோபர் 22 அன்று மாஸ்கோவில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், இந்தச் சிறுவனின் வயதையொட்டிய பருவத்தில், போர்க்காலத் தேவைக்காகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். பள்ளியிலும் தெருவிலும் கழிந்திருக்க வேண்டிய ஆண்டுகள் இயந்திரங்களின் முன்னே கழிந்தன. பதினெட்டு வயதில் மனமும் உடலும் சோர்ந்து, வேலையைத் தொடர முடியாத நிலைக்கு வந்தார். தொழிற்சாலை அணிக்காகவும் பின்னர் படைப்பிரிவு அணிக்காகவும் ஆடியபோதுதான் டைனமோ மாஸ்கோ கழகத்தின் பார்வை அவர்மேல் விழுந்தது.

அங்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. 'புலி' என்று அழைக்கப்பட்ட அலெக்சேய் ஹோமிச் அப்போது அந்தக் கழகத்தின் கோல்கீப்பர். யாஷின் அவருக்கு மாற்றாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. தொடக்ககாலப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் எதிரணிக் கோல்கீப்பர் நெடுந்தூரம் உதைத்த பந்து இவரைத் தாண்டி வலைக்குள் போனது. வாய்ப்புக் குறைந்த அந்த ஆண்டுகளில் அவர் டைனமோவின் பனி ஹாக்கி அணியிலும் கோல் காத்து, 1953 இல் சோவியத் பனி ஹாக்கிக் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார். அதன் பிறகே கால்பந்தில் முதன்மை இடம் உறுதியானது. 1970 வரை வேறு எந்தக் கழகத்துக்கும் போகாமல் டைனமோவுக்காக மட்டும் ஆடி, ஐந்து முறை சோவியத் லீக் பட்டத்தையும் மூன்று முறை சோவியத் கோப்பையையும் வென்றார்.

தாளில் அவர் பாயும் படத்தைத் தேர்ந்தெடுத்தது இயல்பானதே. கோல்கீப்பர் என்றவுடன் எவர் மனத்திலும் எழும் காட்சி அதுதான். இருந்தாலும் என் முக்கியமான குறையும் இங்கேதான் இருக்கிறது. யாஷினைப் பிற கோல்கீப்பர்களிடமிருந்து வேறுபடுத்தியது, பாய வேண்டிய நிலைமையே பெரும்பாலும் வராதபடி அவர் ஆட்டத்தை முன்கூட்டியே கணித்ததுதான். கோல்கீப்பர்கள் கோல் கோட்டிலேயே நின்று காத்திருந்த காலத்தில், அவர் பெனால்டி எல்லையின் விளிம்புவரை, தேவைப்பட்டால் அதற்கும் வெளியே ஓடிவந்து, எதிரணியின் முன்கள வீரரின் காலுக்குப் பந்து சேருமுன் அதை அப்புறப்படுத்தினார். பிடிக்க முடியாத பந்தைத் தயங்காமல் முஷ்டியால் குத்தி வெளியேற்றினார். தடுப்பாட்டக்காரர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆட்டம் முழுவதும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கையில் பந்து வந்தவுடன் அதை விரைவாக எறிந்து அடுத்த தாக்குதலைத் தொடங்கிவைத்தார். இன்றைய கோல்கீப்பர்களிடம் பயிற்சியாளர்கள் எதிர்பார்க்கும் பலவற்றை ஐம்பதுகளிலேயே செய்துகாட்டியவர் அவர். ஓர் அசையாப் படத்தில் இதையெல்லாம் காட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கை நீட்டித் தன் அணியை நிறுத்தும் யாஷினை வரைந்திருந்தால், அவரை மேலும் உண்மையாகக் காட்டியிருக்கும்.

அவருடைய வெற்றிகளுக்குத் தாளில் இடமில்லை. அதில் தவறும் இல்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 1-0 என வென்று சோவியத் அணி தங்கம் பெற்றது. (அதே யூகோஸ்லாவியாதான் அரையிறுதியில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் இடம்பெற்றிருந்த இந்திய அணியை 4-1 என வீழ்த்தியிருந்தது, அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.) 1960 இல் பாரிசில் முதல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்திலும் யூகோஸ்லாவியாவே எதிரணி, கூடுதல் நேரத்தில் 2-1 என சோவியத் அணி வென்றது.

என்னை மிகவும் ஈர்ப்பது அடுத்து வந்த இரண்டு ஆண்டுகள். 1962 இல் சிலியில் நடந்த உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக 4-1 என முன்னணியில் இருந்த சோவியத் அணி 4-4 எனச் சமநிலையில் முடித்தது; அந்த ஆட்டத்தில் மார்க்கோஸ் கோல் என்ற கொலம்பிய வீரர் கார்னரிலிருந்து அடித்த பந்து நேரே வலைக்குள் சென்றது. காலிறுதியில் சிலியிடம் 2-1 எனத் தோற்றபோது முழுப் பழியும் யாஷின்மேல் விழுந்தது. ஆட்டத்தை நேரில் காணாமல் செய்திகளின் வழியே மட்டும் அறிந்த மக்கள் அவர்மேல் கோபத்தைக் கொட்டினார்கள். அவருடைய வீட்டின் ஜன்னல்களும் தப்பவில்லை. ஓய்வு பெற எண்ணிய அவர், மெல்லத் தன்னை மீட்டுக்கொண்டு திரும்பிவந்தார். 1963 அக்டோபரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி வெம்ப்ளியில் நடந்த ஆட்டத்தில் உலக அணிக்காக முதல் பாதியில் கோல் காத்து, ஒரு கோலும் விடாமல் வெளியே வந்தார். அந்த ஆண்டு டைனமோ லீக் பட்டத்தை வென்றது. யாஷினுக்கு, ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் தோர் விருது கிடைத்தது. இன்றுவரை அவ்விருதைப் பெற்ற ஒரே கோல்கீப்பர் அவர்தான். ஓராண்டுக்கு முன்பு சொந்த ஊரிலேயே தூற்றப்பட்டவர் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, தாளில் அவரை நிமிர்ந்து பார்க்கும் சிறுவனின் முகத்துக்கு வேறொரு கனம் கூடுகிறது.

பின்புறத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பூமி உருண்டையைக் கால்பந்தாக்கி அதில் ரஷ்யாவைக் காட்டியிருக்கிறார்கள்; போட்டியின் விளம்பரம் என்ற அளவில் அது போதும், முகப்பின் உணர்ச்சி அதில் இல்லை. மத்திய வங்கியின் இணையப் பக்கத்துக்கு இட்டுச்செல்லும் க்யூஆர் குறியீட்டையும் சேர்த்திருக்கிறார்கள். பணத்தாளில் அதற்குத் தேவை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இகோர் குரோவிச் வடிவமைத்த அதே உலகக் கோப்பையின் அதிகாரப்பூர்வச் சுவரொட்டியிலும் யாஷினே இருக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டால், பழைய சோவியத் சுவரொட்டிகளின் சாயலில் அமைந்த அது கலைப்படைப்பாக மேலானது. வாங்கிப் பத்திரப்படுத்த ஏற்றது இந்தத் தாள். இறுதி ஆண்டுகளில் ஒரு காலை இழந்து, 1990 மார்ச் 20 அன்று வயிற்றுப் புற்றுநோயால் மறைந்த ஒருவரை, மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் தன் நாட்டில் நடக்கும் உலகக் கோப்பையின் முகமாக ரஷ்யா தேர்ந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. அன்று ஆடிக்கொண்டிருந்த நட்சத்திர வீரர் எவரையும் முன்னிறுத்தாமல் இவரை முன்னிறுத்தியவர்களைப் பாராட்ட வேண்டும்.

வாங்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். புழக்கத்துக்கு வராத, சேகரிப்பாளர்கள் யுஎன்சி என்று குறிப்பிடும் நிலையில் உள்ள தாளையே கேளுங்கள். பாலிமர் எளிதில் கிழியாது. ஆனால் ஒருமுறை அழுந்த மடித்துவிட்டால் அந்தக் கோடு போகாது, அதுவும் யாஷினின் உடலுக்குக் குறுக்கே விழுந்தால் தாளின் அழகே கெட்டுவிடும். இவ்வளவு அதிகமாக வெளியான தாளுக்கு 'அரியது' என்று சொல்லிப் பன்மடங்கு விலை கேட்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. தொடர் எண் சிறப்பாக அமைந்த தாள்களுக்கு மட்டுமே கூடுதல் விலை நியாயம். சட்டமிட்டு மாட்ட நினைத்தால் இருபுறமும் கண்ணாடி உள்ள சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் அட்டை வைத்து அடைத்துவிட்டால், ஒளி ஊடுருவும் பகுதியில் இருக்கும் அந்தப் பந்து தெரியாமல் போய்விடும்.