மே மாத இன்டர்வியூவுக்குச் சேலையா, சுடிதாரா, பேன்ட் சட்டையா?

தனியார் பள்ளிகள் ஜூனுக்கு முன்னால் ஆசிரியைகளை எடுப்பது, கல்லூரி முடித்த பிள்ளைகள் வேலை தேடிக் கிளம்புவது எல்லாம் ஏப்ரல், மே மாதங்களில்தான். மே 4 வாக்கில் கத்திரியும் தொடங்கிவிடும். மதுரையில் 39, 40 டிகிரி அப்போது புதுச் செய்தியே இல்லை. அந்த வெயிலில் திருமங்கலத்திலோ மேலூரிலோ பஸ் ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போய், கடைசியில் ஏசி அறையில் ஃபைலோடு உட்கார வேண்டும். கிளம்பும்போது அழகாக இருக்கும் உடையைவிட, போய்ச் சேர்ந்த பிறகும் ஒழுங்காக இருக்கும் உடைதான் வேண்டும்.

என் ஓட்டு சுடிதாருக்கு. சிறு அச்சுப் போட்ட காட்டன் டாப், நேரான காட்டன் பேன்ட், மடித்துப் பின் குத்திய காட்டன் ஷால். பள்ளிக்கூட வேலைக்கு மட்டும் சேலை. பேன்ட் சட்டை எனக்கு மூன்றாவதுதான். சுடிதாரில் போனால் மரியாதை இருக்காது என்று வீட்டில் பெரியவர்கள் தயங்கினால், தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-ல் வந்த அரசு உத்தரவைக் காட்டலாம். சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் மூன்றுமே பெண்களுக்கு அதில் உண்டு. துப்பட்டாவோடு என்பதைக் கவனிக்க வேண்டும். ஷால் இல்லாத குர்தி வேறு கணக்கு.

கழுத்து இறக்கம், கை நீளம், கண்ணைக் கூசும் நிறம் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று உடையையும் தரம் பிரிப்பது வேர்வை. கசங்கல்கூட இரண்டாம்பட்சம். காட்டன் கசங்கும் என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அக்குளிலும் முதுகிலும் வட்டம் வட்டமாக ஈரம் தெரிந்தால் பதில் சொல்லும்போது கையைத் தூக்கவே கூச்சமாகிவிடும்.

ஈரம் தெரிவதும் மறைவதும் முதலில் நிறத்தில் இருக்கிறது. சாம்பல், வான நீலம், பிஸ்தாப் பச்சை மூன்றும் மோசம். ஒரு சொட்டுப் பட்டாலும் கறுத்துக் காட்டும். கடைக்காரர் 'ஃபார்மல் கலர்' என்று முதலில் எடுத்துப் போடுவதும் இவற்றைத்தான். கருநீலத்திலும் கறுப்பிலும் ஈரம் தெரியாது, ஆனால் ஏசியில் காய்ந்ததும் உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். வெள்ளையில் ஈரம் அவ்வளவாகக் காட்டாது. உள்ளாடை காட்டும், வேர்வை அடக்கும் டியோடரன்ட் போடுகிறவர்களுக்குப் போகப் போக அக்குளில் மஞ்சள் பிடிக்கும். தப்பிப்பது நெருக்கமான சிறு அச்சு. மிளகு அளவிலிருந்து சட்டைப் பொத்தான் அளவு வரை புள்ளியோ பூவோ இருந்தால் ஈர வட்டத்தின் ஓரம் கண்ணில் படாது. பெரிய பூ உதவாது, இடையில் வெற்றிடம் நிறைய. கடையிலேயே பார்த்துவிடலாம்: விரலைத் தண்ணீரில் நனைத்துத் துணியின் உள்மூலையில் அழுத்தி, ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

அடுத்தது துணி. 60-ஆம் நம்பர் நூலில் நெய்த கேம்பிரிக் காட்டன் போதும். அதைவிட மெல்லிசாகப் போனால் உள்ளே தெரியும், லைனிங் கொடுக்க வேண்டிவரும். காட்டன் என்று சொல்லித் தரும் ரெடிமேட் டாப்புகளில் ரேயான் நிறைய இருக்கிறது. ரேயான் தொட்டால் குளுகுளுவென்று வழுக்கும், உடம்பில் அழகாக விழும். ஆனால் ஈரமானால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், வட்டமும் பளிச்சென்று தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவி நனைத்து இழுக்க வேண்டும். ஈரத்தில் ரேயான் சட்டென்று அறுந்துவிடும், காட்டன் தாங்கும். கொளுத்தினால் கருகிப் பாசிமணி போல உருண்டால் அது பாலியெஸ்டர். ஜார்ஜெட், கிரேப் கசங்காதுதான், ஆனால் பெரும்பாலும் பாலியெஸ்டர். பஸ்ஸில் அரை மணி நேரத்தில் உள்ளே புழுங்கிவிடும். லினன் காற்றோட்டத்தில் முதல் தரம், கசங்கலிலும் முதல் தரம். உட்கார்ந்து எழுந்தால் இடுப்புக்குக் கீழே வரிவரியாக நிற்கும்.

தைக்கக் கொடுப்பதாக இருந்தால் டாப்புக்கு இரண்டரை மீட்டர், பேன்ட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை மீட்டர், ஷாலுக்கு இரண்டேகால் மீட்டர். கொடுப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். புதுக் காட்டன் முதல் சலவையில் மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம்; ஊறவைக்காமல் தைத்தால் துவைத்தபின் அக்குளில் பிடிக்கும். பிடித்தால் வேர்வை உடனே துணியில் ஏறும், தையலும் அங்கேதான் முதலில் விடும். மார்புச் சுற்றளவைவிட மூன்று இன்ச் கூடுதலாக விடச் சொல்ல வேண்டும். கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். 'ஃபிட்டிங்காக இருந்தால்தானே நல்லா இருக்கும்' என்று டெய்லரக்கா சொன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது. லைனிங் தேவைப்பட்டால் மல்மல் காட்டன். வழுவழு லைனிங் வைத்தால் மேலே என்ன காட்டன் போட்டும் பயன் இல்லை. சித்திரைத் திருவிழாச் சமயத்தில் எந்தத் தையல்கடையிலும் கெடு தப்பும். பத்து நாள் முன்னதாகக் கொடுப்பது நல்லது. புதுமண்டபத்தில் இருந்த தையல்கடைகளைத் தேடிப் போகிறவர்கள் குன்னத்தூர் சத்திரத்தில் பார்க்க வேண்டும்.

சுடிதாருக்கு என் ஓட்டு விழுவதற்கு முக்கியக் காரணம் ஷால். அதைப் போட்டுக்கொண்டு கிளம்பவே வேண்டாம். இஸ்திரி போட்டு, ஐந்து மடிப்பு எடுத்து, ஊக்குகளோடு ஒரு கவரில் வைத்துப் பையில் கொண்டுபோகலாம். வழியில் தலைக்குச் சுற்ற வேறு பழைய ஷால் போதும். அரை மணி நேரம் முன்னால் போய், ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம் நின்று, கைகால் முகம் கழுவி, கழுத்தையும் அக்குளையும் ஈரக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, பிறகு காய்ந்த ஷாலை இடது தோளில் ஓர் ஊக்கு, பின்புறம் ஓர் ஊக்கு என்று குத்திக்கொண்டால், மேலே புதிதாக ஒரு துணி வந்துவிடுகிறது. முன்பக்கமும் முதுகில் ஒரு பாதியும் மறைந்துவிடும். சேலையில் இதைச் செய்ய முடியாது, சட்டையில் செய்ய வழியே இல்லை.

லெக்கின்ஸ் வேண்டாம். முழங்கால் மடிப்பில் வேர்வை தங்கும். இன்டர்வியூவில் அது அலட்சியமாகவும் படும். பின்னால் எலாஸ்டிக், முன்னால் பட்டையாக வைத்துத் தைத்த நேர் பேன்ட் நல்லது.

சேலைக்கும் நியாயமான பக்கம் உண்டு. முந்தி முதுகில் விழுவதால் பின்புற ஈரம் ஓரளவு மறையும், இடது அக்குளும் உள்ளே போய்விடும். மாட்டிக்கொள்வது வலது அக்குளும் ஜாக்கெட்டும். அதனால் சேலையைத் தேர்வதைவிட ஜாக்கெட் துணியைத் தேர்வதில் கவனம் வேண்டும்: டூ பை டூ காட்டன், முடிந்தால் லைனிங் இல்லாமல், அடர்ந்த நிறத்தில். உள்பாவாடையும் காட்டன்தான், சாட்டின் காலோடு ஒட்டி நடையைக் கெடுக்கும். கஞ்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மொடமொடவென்று நிற்கும் சேலை உட்கார்ந்த இடத்தில் மடிப்பாக உடையும், வேர்வை பட்ட இடத்தில் மட்டும் துவண்டு போகும். ஜவ்வரிசிக் கஞ்சியை வடிகட்டாமல் போட்டால் அடர் நிறத்தில் வெள்ளைத் திட்டு நிற்கும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு சுங்குடியை விட்டுவிட முடியாது. சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய இந்தச் சேலைக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எடை குறைவு, துவைக்கத் துவைக்க மெதுவாகும், புள்ளி நெருக்கமாக இருப்பதால் வேர்வையும் தெரியாது. விளக்குத்தூண் பக்கம் சுங்குடி என்று கிடைப்பதில் மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரின்ட்டும் நிறைய. இன்டர்வியூவுக்கு அது குறையே இல்லை. பெரிய ஜரிகைக் கரை மட்டும் வேண்டாம், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். கவனிக்க வேண்டியது சாயம். அரக்கும் கருநீலமும் புதிதில் சாயம் விடும். வேர்வையில் ஜாக்கெட்டிலும் இடுப்பிலும் ஏறும். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் இருபது முப்பது தடவை தேய்த்துப் பார்த்து, நிறம் ஏறினால் தனியாக இரண்டு மூன்று அலசு அலசாமல் கட்டக் கூடாது. சேலைக்கு ஒதுக்கும் பணத்தில் சுங்குடித் துணியில் சுடிதார் தைத்துக்கொள்வது இன்னும் நல்ல யோசனை.

சேலை கட்டி அதிகம் பழகாதவர்கள், பள்ளி வேலையே ஆனாலும், முதல் நாள் மாலையில் இரண்டு மணி நேரம் கட்டிக்கொண்டு நடந்து, படி ஏறிப் பார்க்க வேண்டும். கொசுவத்தில் மூன்று ஊக்கு. தோளில் குத்தும் ஊக்கு ஜாக்கெட்டின் தையலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், துணியில் மட்டும் குத்தினால் கிழியும்.

பேன்ட் சட்டை வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐடி பார்க் வேலைகளுக்கும் கால் சென்டர்களுக்கும் பொருந்தும். உடம்போடு ஒட்டிய தையல், மறைக்க மேல் துணி கிடையாது, ஆகவே வேர்வைக் கணக்கில் அது கடைசி. போட்டே ஆக வேண்டுமென்றால் மெல்லிய கோடு போட்ட பாலி காட்டன் சட்டை, உள்ளே கையுள்ள காட்டன் பனியன். பிளேசர் வேண்டாம். பெரிய வங்கிகள், வெளியூர்க் கம்பெனிகளின் மேல்நிலை வேலைகளுக்கு இந்த வரிசை மாறலாம். அதற்கு அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்காவைக் கேட்பதே சரி.

மல்லிகை சேலைக்கு இரண்டு விரல் நீளம் போதும். மூடிய ஏசி அறையில் மதுரை மல்லி ஒரு முழம் என்றால் எதிரே இருப்பவருக்குத் தலை வலிக்கும்.

எந்த உடையானாலும் திரும்பி வந்ததும் கொடியில் அப்படியே தொங்கவிடாமல், அன்று மாலையே வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். உப்பு காய்ந்து இறுகினால் அக்குள் துணி நைந்து நிறம் மங்கும். இரண்டாவது ரவுண்டுக்கு அடுத்த வாரமே கூப்பிட்டுவிடுவார்கள்.