டைட்டானிக் கிட்: இரண்டு வருடமும் ஒரு மஞ்சள் கோடும்

டைட்டானிக் கிட், அதாவது துண்டுகளை ஒட்டிப் பெயிண்ட் அடித்துக் கட்டும் மாதிரிக் கப்பல், வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நேற்று ராத்திரிதான் மூன்றாவது முறையாக அந்த மஞ்சள் கோட்டைச் சரிசெய்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதையும் சேர்த்தே படியுங்கள்.

என்னுடையது 1/400 அளவு. 269 மீட்டர் கப்பல், மேசையில் 67 சென்டிமீட்டர். கட்டி முடித்து இரண்டு வருடம் ஆகிறது.

கப்பலின் பக்கவாட்டில் கீழே கறுப்பு, மேலே வெள்ளை. இரண்டும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று கப்பலின் நீளத்துக்கும் ஓடும். அது இல்லாவிட்டால் கப்பல் மொட்டையாகத் தெரியும். இதைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய ஒட்டுப்படமாக, டீகாலாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவசரப்படவில்லை. கறுப்பின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, துண்டு துண்டாக ஒட்டி, மேலே இன்னொரு பூச்சும் கொடுத்தேன். எட்டாவது மாதம் முன்முனை வளைவில் நகம் போலத் தூக்கிக்கொண்டது. ஒட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் பின்புறம் வெடித்தது. இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் கோட்டை இப்படியா கொடுப்பது?

மற்றபடி குறை சொல்ல முடியாது. உடலின் இரு பாதிகளும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்தன. சகோதரிக் கப்பலான ஒலிம்பிக்கிலிருந்து டைட்டானிக்கைப் பிரித்துக் காட்டும், படகுத் தளத்துக்கு அடுத்துக் கீழே உள்ள ஏ தளத்தின் முன்பாதி அடைப்பையும் சரியாக வார்த்திருக்கிறார்கள். நாலு புகைபோக்கியில் பாய்லர் புகை போனது மூன்றில்தான், கடைசி காற்றோட்டத்துக்கு. அதனால் மூன்றின் வாயில் மட்டும் கரி பூசினேன். அதைக் கவனித்துக் கேட்பவர்களிடம் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அப்புறம் படகுகள். மரப்படகு 16, மடக்குப் படகு 4. இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக வைத்தேன், ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2200 பேர், படகுகளில் இடம் 1178 பேருக்கு. பல வருடமாகத் தெரிந்த கணக்குதான். ஆனால் கடைசிப் படகை வைத்த பிறகும் தளத்தின் நடுவில் நீளமாக வெறும் இடம் கிடந்தது. ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

சரி, வாங்கலாமா? இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் பேச்சைக் கேட்காமல் வாங்கினால், டீகால் தாளில் அந்தக் கோட்டைத் தொடவே தொடாதீர்கள். முதலில் அந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பெயிண்ட் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப்பை ஸ்கேல் வைத்து அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி அதன் மேல் ஒட்டி, பிறகு கறுப்பு அடியுங்கள். கறுப்பு முழுசாக இறுகுவதற்கு முன்பே டேப்பைச் சாய்வாக, மெதுவாக இழுங்கள். நேற்று நான் அப்படித்தான் செய்தேன்.