தகவல் கட்டுரையா, சுருக்கமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பற்றிக் கட்டுரை கேட்டால், கிடைத்த ஒரு பக்கத்தைச் சுருக்கித் தருகிறார்கள். சரி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மூலம்
கட்டுரை: ஒன்று போதாது. 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் சங்கத்தைத் தொடங்கியது புத்தகத்தில் இருக்கும். தோட்டத் துண்டாடலில், அதாவது பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில், வீடும் வேலையும் போன கதையைப் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.
சுருக்கம்: கொடுத்த பகுதி மட்டும். அதில் இல்லாத தேதியைச் சேர்த்தால், அது சரியான தேதியாகவே இருந்தாலும் தவறு.

நீளம்
கட்டுரை: பொருளைப் பொறுத்தது.
சுருக்கம்: வழக்கமாக மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு.

உழைப்பு
கட்டுரை: தேடலும் அடுக்கலும் நேரம் தின்னும்.
சுருக்கம்: சீக்கிரம் முடியும், ஆனால் சுலபம் என்று ஏமாறாதீர்கள். உதாரணமும் திரும்பச் சொன்னதும் போகலாம். காரணம் போகக் கூடாது. ‘தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சங்கம் உருவானது’ என்று ஒரு மாணவி எழுதினாள். முதலாவதால்தான் இரண்டாவது வந்தது என்ற விஷயமே காணவில்லை!

பரீட்சைக்கு முந்தின இரவு படிக்க, அல்லது கூட்டத்துக்கு வராதவருக்கு நடந்ததைச் சொல்ல, சுருக்கம் போதும். பள்ளி இதழுக்கு, அல்லது தோட்டமே பார்க்காத கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு என்றால் கட்டுரைதான். எனக்கு ஒரு வாரம் கிடைத்தால் முதலில் நாலு சுருக்கம் எழுதவைத்து, அப்புறம் அவற்றிலிருந்து கட்டுரைக்குப் போவேன்.