கீழக்கரைக் கைப்பேசிக் கடை ஒன்றின் உதவிக் குழு: ஒரு மதிப்புரை

கீழக்கரையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது, பழுதுபார்ப்பதோடு நின்றுவிடாமல் தன் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் உதவிக் குழுவையும் நடத்திவரும் ஒரு சிறு கடையைப் பற்றி. குழுவில் ஒரு பகுதியினர் ஊரில் இருக்கும் குடும்பத்தார். மற்றவர்கள் துபாய், ஷார்ஜா, தோஹா, ஜித்தா என்று சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருப்பவர்கள். திரை உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்பதற்கெல்லாம் அங்கே கிடைக்கும் பதில், எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடியதுதான். நான் இந்தக் கடையைப் பரிந்துரைக்கும் காரணம் வேறு. "இந்த நாட்டில் இது ஓடமாட்டேன் என்கிறது, எப்படியாவது ஓடவைக்க வழி சொல்லுங்கள்" என்ற கேள்வியை அவர்கள் கையாளும் விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சபராளிகள் உள்ள எந்தக் குழுவிலும் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. பெரும்பாலான குழுக்களில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு விபிஎன் செயலியின் (இணைய இணைப்பை வேறு நாட்டு சர்வர் வழியாகத் திருப்பி, நாம் இருக்கும் இடத்தை மறைப்பது) பெயரை எழுதிவிட்டுப் போய்விடுவார். இல்லையென்றால் நிர்வாகி, இதையெல்லாம் இங்கே கேட்கக் கூடாது என்று கேள்வியையே நீக்கிவிடுவார். முதலாமவர் கேட்டவரை ஆபத்தில் தள்ளுகிறார். இரண்டாமவர், உண்மையில் என்ன கோளாறு என்று பார்க்காமலேயே கதவைச் சாத்துகிறார். இந்தக் கடைக்காரரோ பதில் சொல்வதற்கு முன் நான்கு செய்திகளைக் கேட்டுப் பெறுகிறார்: இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள், எந்தச் செயலி, சந்தா யார் பெயரில் எங்கே கட்டியது, திரையில் என்ன எழுதி வருகிறது.

இந்தக் கேள்விகளின் பயனை நான் கடையிலேயே நேரில் பார்த்தேன். ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்த கணவர் விட்டுச்சென்ற டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்திருந்தார். பிளே ஸ்டோரில் எவ்வளவு தேடியும் ஜியோஹாட்ஸ்டார் வரவில்லை, விபிஎன் போட்டால்தான் வரும் என்று உறவுக்காரப் பையன் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் கணக்கு அமைப்பைத் திறந்து, நாடு என்ற இடத்தில் ஐக்கிய அரபு அமீரகம் என்று இருந்ததைக் காட்டினார். "லாத்தா (அக்கா), ஊரில் தடை ஒன்றும் இல்லை. உங்கள் கணக்கு இன்னும் ஷார்ஜாவிலேயே இருக்கிறது" என்றார். இந்தியாவுக்கு மாற்ற இங்குள்ள கட்டண முறை ஒன்று வேண்டும். ஓராண்டுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். கணக்கில் திர்ஹமாக இருக்கும் மீதித் தொகை புதிய நாட்டுக்குக் கூடவே வராது. இவ்வளவையும் சொல்லி, கணவரிடம் கேட்டுக்கொண்டு வந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னாரே தவிர, தாமாகக் கைவைக்கவில்லை. இன்னொருவரின் கைப்பேசியில் திரையின் மேல் ஓரத்தில் சின்னஞ்சிறு சாவிக் குறி இருந்தது. வளைகுடாவில் போட்டிருந்த விபிஎன் ஊருக்கு வந்த பிறகும் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்ததால், இந்தியச் செயலிகள் அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று எண்ணி மறுத்திருக்கின்றன. அணைத்ததும் சரியாகிவிட்டது. தடையைத் தாண்ட வழி கேட்பவர்களில் பலருக்குத் தாண்ட வேண்டிய தடையே இல்லை என்பதை, கேட்டுப் பார்த்தால்தான் அறிய முடிகிறது.

உண்மையிலேயே அந்த நாட்டில் காட்ட உரிமை இல்லாத நிகழ்ச்சி என்றால் அதற்கான காரணத்தைச் சொல்கிறார்கள். ஐபிஎல்லையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் 2023 முதல் 2027 வரையிலான இந்திய இணைய உரிமை ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18 நிறுவனத்துக்கும், மத்திய கிழக்குக்கான உரிமை டைம்ஸ் இன்டர்நெட்டுக்கும் போனது. ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரி 14 அன்று ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆன பிறகும், வாங்காத நாட்டுக்கான உரிமை அதற்குத் தானாக வந்துவிடாது. எனவே துபாயில் இருப்பவரிடம் அந்த ஊரில் அந்தப் போட்டியைக் காட்டும் முறையான சேவை எது என்று தேடிச் சொல்கிறார்கள். 1982இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியை உயரமான ஆண்டெனா கட்டிப் பார்த்த கரை இது. வானலைக்கு எல்லை தெரியாது. இணையம் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அனுப்புவதால், இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரியைப் பார்த்து, நீ எங்கே இருக்கிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்க முடிகிறது. இதைப் புரியவைத்தால், மறுப்பைக் கேட்டவர் கோபப்படுவதில்லை.

நான் மிகவும் மதிப்பது அடுத்த செய்தியைத்தான். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, குற்றம் செய்வதற்கோ அதை மறைப்பதற்கோ ஐபி முகவரியை ஏமாற்றிப் பயன்படுத்தினால் சிறைத் தண்டனையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விதிக்க இடம்தருகிறது. நிறுவனங்களும் வங்கிகளும் அங்கே விபிஎன்னைத் தம் பணிக்குப் பயன்படுத்துகின்றன. விபிஎன் என்பதே குற்றம் அல்ல. ஆனால் கட்டடத் தொழிலுக்கோ மீன்பிடிப் படகுக்கோ போன ஒருவர் அந்த நுணுக்கத்தை அங்குள்ள காவல் நிலையத்தில் நின்று விளக்கும் நிலை வரக் கூடாது. யோசனை சொல்பவர் கீழக்கரையில் நிம்மதியாக இருப்பார், விளைவைச் சுமப்பவர் ஷார்ஜாவில் இருப்பார் என்பதால், வெளிநாட்டில் உள்ளவருக்கு விபிஎன் செயலியின் பெயரை இவர்கள் சொல்வதே இல்லை. இது சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தியாவிலும் விபிஎன்னுக்குத் தடை இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னதும், சில பெரிய நிறுவனங்கள் தம் சர்வர்களை இங்கிருந்து எடுத்துவிட்டன. உரிமையைக் காக்கும் தொழில்நுட்பத் தடையை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 65அ பிரிவு சொல்வதையும் குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். இலவச விபிஎன் குறித்து அவர்கள் தரும் எச்சரிக்கை இன்னும் பயனுள்ளது: ஹோலா என்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே பிறருக்கு விற்றுவந்தது 2015இல் வெளிவந்தது. வங்கிக் கணக்கும் யுபிஐயும் உள்ள கைப்பேசியில் அப்படிப்பட்ட ஒன்றை ஏற்றச் சொல்வது உதவியாகாது.

காசு கட்டிய சந்தாதாரர் பயணம் போன இடத்தில் பார்க்க முடியாமல் தவிப்பதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், தற்காலிகமாக வேறு உறுப்பு நாட்டுக்குப் போகும் சந்தாதாரருக்குத் தன் நாட்டு நிகழ்ச்சிப் பட்டியலையே காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் இடையில் அப்படி எதுவும் இல்லாததால், சேவை நிறுவனத்துக்கே முறையீடு எழுதச் சொல்கிறார்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதியும் தருகிறார்கள். தனுஷ்கோடியில் கைப்பேசி இலங்கைக் கோபுரத்தின் அலையைப் பிடித்தால் இலங்கைப் பட்டியல் வருமா என்று ஒருவர் கேட்டதற்கும் பொறுமையாகப் பதில் வந்தது: ரோமிங் தரவு பொதுவாக உங்கள் நிறுவனத்தின் வழியாகவே திரும்பி வருவதால் பட்டியல் மாறாது, பில் மட்டும் ஏறும், ரோமிங்கை அணைத்துவையுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. முதலாளி தொழுகைக்கோ மதுரைக்கோ போயிருக்கும் நேரத்தில் உதவியாளர் பையன் பதில் சொன்னால் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. விடுபட்ட கேள்வி பெரும்பாலும் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதாகவே இருக்கிறது. குரல் பதிவாக வரும் நல்ல பதில்கள் மறுவாரம் தேடினால் கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான சேனல்களை ஆண்டுச் சந்தாவில் தருவதாகச் சொல்லும் திருட்டு ஐபிடிவி (இணையவழித் தொலைக்காட்சி) விளம்பரங்கள் இரவில் நுழைந்து காலை வரை நிற்கின்றன. இவற்றையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். கேட்க வேண்டிய நான்கு கேள்விகளையும், எதற்கு உதவுவோம், எதற்கு மாட்டோம், ஏன் என்பதையும் எழுதிக் குழுவின் தலைப்பில் நிலையாகப் பொருத்திவைக்கச் சொன்னதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். குழுவில் சேரக் கட்டணம் இல்லை. கணக்கின் நாட்டை மாற்றித் தருவதற்கு 100 ரூபாய் வாங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது.