ரூ.38,500 போச்சு: வெப்சைட் விளம்பர வருமானத்தைக் கூட்டித் தர்றோம்னு வர்றவங்ககிட்ட உஷார்

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கம் தமிழில் வெப்சைட் நடத்துகிற எல்லாரும் இதைப் படியுங்கள். ஊர்ச் செய்தியோ, கோயில் விவரமோ, கருவாட்டு வியாபாரமோ, எதுவானாலும் சரி. ரூ.38,500 கொடுத்து, ஆட்சென்ஸ் கணக்கையும் (நம் தளத்தில் கூகுள் விளம்பரம் போட்டுக் காசு தருகிற கணக்கு) பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். கணக்கு முடங்கி இன்றைக்கு ஐந்தாவது நாள். ஆடி அமாவாசைக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. ஊரே நிரம்பப் போகிறது, தளத்தில் ஒரு விளம்பரம்கூட ஓடவில்லை.

பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். பெயர் தெரிந்தும் பயனில்லை, அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள். வெப்சைட் வைத்திருப்பவர்களை வாட்ஸ்அப்பில் பிடித்து "விளம்பர வருமானத்தை மூணு மாசத்துல பத்து மடங்காக்குறோம்" என்று சொல்கிற ஏஜென்சி, அவ்வளவுதான். முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தளம் ராமேஸ்வரம் வருகிற யாத்திரிகர்களுக்கானது. 22 தீர்த்தங்கள், தனுஷ்கோடி போகிற வழி, ரயில் நேரம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் பக்கத்துக்குக் கூட்டம் கொஞ்சம் கூடியது. நாளைக்கு 600 பக்கப் பார்வை, மாதம் 18,000. ஆயிரம் பார்வைக்கு 90 சென்ட், அதாவது ஆர்பிஎம் 0.90. மாதம் 16 டாலர். நூறு டாலர் சேர்ந்தால்தான் கூகுள் பணம் அனுப்பும். ஆகவே ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு தடவைதான் கையில் காசு. தமிழ்த் தளங்களில் இடம் கேட்டு வருகிற விளம்பரம் குறைவு. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றதே 2018 பிப்ரவரியில்தான். மெதுவாகத்தான் ஏறும். அந்த மெதுவில் நமக்கு வருகிற அலுப்பைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

மே முடிவில் கணக்கில் 83 டாலர். ஜூன் மாதச் சம்பாத்தியமும் சேர்ந்தால் நூறைத் தொட்டுவிடும் என்ற நிலை.

நம்ப வைத்த இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பொய்யான இடமே இல்லை. வீடியோ காலில் வந்த பையன் பணம் பற்றிப் பேசவே இல்லை. தளத்தைத் திறந்து, "அண்ணே, முகப்புப் படம் ரெண்டு எம்பி இருக்கு, பாம்பன் பக்கம் சிக்னல் கம்மியான இடத்துல திறக்கவே பத்து செகண்டு ஆகும்" என்றான். உண்மை. "மொபைல்ல தலைப்புக்குக் கீழயே விளம்பரம் நிக்குது, படிக்க வர்றவன் எழுத்தையே பாக்காமப் போயிருவான்" என்றான். அதுவும் உண்மை. படத்தைச் சுருக்கி, விளம்பரத்தை மூன்றாவது பத்திக்குக் கீழே இறக்கி, காசு வாங்காமல் அங்கேயே சரிசெய்தும் காட்டினான். "நாங்க பரமக்குடிதாண்ணே. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அம்மாவக் கூட்டிட்டு அக்னி தீர்த்தம் வருவேன்." தொழில் தெரிந்தவன், நம்ம பக்கத்துப் பையன், இனி என்ன யோசனை என்று தோன்றிவிட்டது.

பிறகு ஒரு சான்றிதழ்ப் படம் வந்தது, 'கூகுள் பார்ட்னர்' முத்திரையோடு. இதைக் கவனியுங்கள். அந்த முத்திரை கூகுள் ஆட்ஸில் விளம்பரம் கொடுக்கிறவர்களின் கணக்கை நிர்வகிக்கிற ஏஜென்சிகளுக்கானது. தளம் வைத்து விளம்பரம் போட இடம் தருகிற நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் பக்கத்துக்கு உள்ளது வேறு, 'சர்டிஃபைடு பப்ளிஷிங் பார்ட்னர்' என்ற திட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கூகுளே பட்டியல் போட்டிருக்கிறது. இன்னொன்றும் சொன்னான்: "எங்க வழியா வந்தா 95 சதவீதம் உங்களுக்குத்தான்." விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் வழியாக நூறு ரூபாய் செலவழித்தால் சுமார் 68 ரூபாய் தளத்துக்கு வரும். அதை 95 ஆக்க நடுவில் நிற்கிற எவனாலும் முடியாது. இது தெரிந்தும் கேள்வி கேட்காமல் விட்டது என் தப்பு.

ஜூன் 18ஆம் தேதி 'செட்டப்' என்று ரூ.8,500. தளத்தை இயக்குகிற வேர்ட்பிரஸ் மென்பொருளின் அட்மின் பாஸ்வேர்டு கேட்டார்கள், கொடுத்தேன். 20ஆம் தேதியிலிருந்து பார்வை 600லிருந்து நாலாயிரத்துக்கு ஏறியது. நாளைக்கு அரை டாலர் வந்த இடத்தில் ஏழு, எட்டு டாலர். 28ஆம் தேதி அவனே கூப்பிட்டு, "பாத்தீங்களாண்ணே? அமாவாசைக்கு முன்னாடி முழு பேக்கேஜும் போட்ருவோம்" என்றான். மூன்று மாதப் பேக்கேஜ் ரூ.30,000. ஜூன் 30ஆம் தேதி யுபிஐயில் அனுப்பினேன். மொத்தம் ரூ.38,500.

ஆட்சென்ஸ் முகப்பில் அன்றாடம் தெரிகிற தொகை 'மதிப்பிடப்பட்ட வருமானம்'. அது பணம் இல்லை. மாதம் முடிந்து, அடுத்த மாதம் 3ஆம் தேதி வாக்கில், செல்லாத பார்வையையும் செல்லாத கிளிக்கையும் கழித்து மிஞ்சுவதுதான் உங்கள் காசு. அதிலும் 21லிருந்து 26ஆம் தேதிக்குள்தான் அனுப்புவார்கள். கள்ளத்தனமாக ஏற்றிய எண்ணிக்கை மாதக் கடைசி வரை அழகாகத் தெரியும். அதனால்தான் 28ஆம் தேதி பார்த்து இரண்டாவது தவணை கேட்டிருக்கிறார்கள். நாள் பார்த்து அடித்த அடி.

ஜூலை 3. ஜூன் கணக்கில் காட்டிய 97 டாலரில் 75 வெட்டு, மிச்சம் 22. மேயில் இருந்த 83உடன் சேர்ந்து 105. கூப்பிட்டால், "நார்மல்ணே, முதல் மாசம் எல்லாருக்கும் வெட்டுவாங்க." மறுநாள் வேறு குரல்: "டெக்னிக்கல் டீம் பாத்துக்கிட்டு இருக்காங்க, ரெண்டு நாள் பொறுங்க." ரெண்டு நாள் நாலு நாள் ஆனது. "கூகுள் சர்வர் அப்டேட் சார்." அண்ணன் போய் சார் வந்தது அன்றைக்குத்தான். ஜூலை 11 காலை கூகுளிலிருந்து மெயில்: செல்லாத போக்குவரத்து, அதாவது போலிப் பார்வை, காரணமாகக் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. 105 டாலரும் விளம்பரதாரர்களுக்கே திரும்பப் போகும். பத்து நாள் தாண்டியிருந்தால் வங்கிக்கு வந்திருக்க வேண்டிய காசு, ஒன்பதாயிரம் ரூபாய்.

அன்றைக்கு வந்த பதில்: "கணக்க நிறுத்துனது கூகுள் சார், நாங்க இல்ல. ட்ராஃபிக் தர்றேன்னு சொன்னோம், தந்துட்டோம்." ரூ.38,500 திருப்பிக் கேட்டதற்கு, "பேக்கேஜ்ல ரீஃபண்ட் கிடையாது, படிச்சுப் பாத்துட்டுத்தான சார் பணம் போட்டீங்க?" அதன் பிறகு நீல டிக் மட்டும் வந்தது. இப்போது அதுவும் இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து தோண்டினேன். முதல் நாளே தோண்டியிருக்க வேண்டும்.

யார், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டுகிற கூகுள் அனலிட்டிக்ஸில் ஜூன் 24 இரவு 2.40க்கு ஒரு மணி நேரத்தில் 1,100 பேர். ஊர்: ஆஷ்பர்ன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் டேட்டா சென்டர்கள் குவிந்து கிடக்கிற ஊர் அது. அங்கிருந்து ஒரே மணி நேரத்தில் ஆயிரம் பேர் 22 தீர்த்தத்தின் வரிசையைத் தமிழில் படித்தார்களாம். வந்த எல்லாருக்கும் திரை அளவு 800க்கு 600. ஒவ்வொருவரும் இருந்தது ஒரு விநாடி, பார்த்தது ஒரே பக்கம், வந்த வழி 'டைரக்ட்', அதாவது தேடலோ வேறு தளத்தின் இணைப்போ இல்லாமல் நேராக. அதே நாள் சர்ச் கன்சோலில் தேடல் வழியாக வந்த கிளிக் வழக்கம்போல 400 சொச்சம். அதில் ஒரு சின்ன ஏற்றமும் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நிஜ வாசகர் கூடினால் தேடலிலோ, வாட்ஸ்அப் பகிர்விலோ, எங்காவது ஒரு தடம் இருக்கும். தடமே இல்லாமல் வந்தது ஆள் இல்லை, ரோபோ.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. தளத்தின் பெயருக்குப் பின்னால் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ஆங்கிலத்தில் /ads.txt) என்று போட்டால் ஒரு சின்னக் கோப்பு திறக்கும். உங்கள் தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு உரிமை என்று அறிவிக்கிற கோப்பு. ஒரு வரியில் நான்கு பகுதி: விளம்பர நிறுவனத்தின் முகவரி, உங்கள் 'பப்' எண் (ஆட்சென்ஸ் கணக்கு எண், 16 இலக்கம்), டைரக்ட் (நேரடிக் கணக்கு) அல்லது ரீசெல்லர் (இடைத்தரகர்), கடைசியில் ஒரு சான்று எண். என் கோப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தது. இரண்டாவது வரியில் யாருடையதோ பப் எண், பக்கத்தில் 'டைரக்ட்'.

தளத்தின் வடிவமைப்பில் (தீம்) எல்லாப் பக்கத்துக்கும் அடிப்பகுதியாக வருகிற ஃபுட்டர் கோப்பைத் திறந்தேன். அடியில், நாற்பது ஐம்பது வெற்று வரிகளுக்குக் கீழே, கண்ணில் படாதபடி ஆறு வரி. முதல் நிபந்தனை, அட்மினாக உள்ளே நுழைந்தவருக்கு இதைக் காட்டாதே. இரண்டாவது, வந்தவர் கூகுள் தேடலிலிருந்து வந்திருந்தால் அந்த இன்னொரு பப் எண்ணின் விளம்பரத்தைப் போடு. மற்றவர்களுக்கு மட்டும் என்னுடையது. புரிகிறதா? நிஜ மனிதர்கள் பார்த்த விளம்பரத்தின் காசு அவர்களுக்கு. ரோபோ பார்த்தது என் கணக்குக்கு. என் நிஜ வருமானம் குறைந்தது தெரியாமல் இருக்கத்தான் ரோபோவை ஏற்றியிருக்கிறார்கள். ரூ.38,500 நான் கொடுத்தது போக, என் தளத்திலேயே அறுவடையும் நடந்திருக்கிறது. நான் எப்போதும் அட்மினாகவே தளத்தைத் திறப்பதால் ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லை. அந்த வரிகளை அழித்த மறுநாள் திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது. வேர்ட்பிரஸில் தானாகவே ஓடுகிற கூடுதல் நிரல்களுக்கான 'எம்யூ பிளகின்ஸ்' என்ற கோப்புறைக்குள் ஒரு கோப்பு வைத்து அதை மறுபடி எழுத வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ளது வழக்கமான பிளகின் பட்டியலில் வராது, தனியாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இப்போது செய்திருப்பது: கூகுளுக்கு முறையீட்டுப் படிவம் அனுப்பியாயிற்று. போக்குவரத்து எங்கிருந்து வந்தது, என்ன நீக்கினேன் என்று தேதி வாரியாக, சர்வர் பதிவோடு. முடங்கினால் முதல் முறையீட்டிலேயே எல்லாவற்றையும் வையுங்கள், அரைகுறையாக அனுப்பாதீர்கள். வேறு பெயரில் புதுக் கணக்கு திறந்து அதே தளத்தில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் போகும். சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நான் பணம் போட்டுப் பதினொரு நாள் கழித்துக் கூப்பிட்டேன். முதல் சில மணி நேரத்தில் கூப்பிட்டால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். அடுத்து ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்காக நானே நடத்துகிற தொழில் இது என்று எடுத்துச் சொல்லப் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

பார்வையாளரை விலைக்குத் தருகிறேன் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஊர்க்காரனாக இருந்தாலும், வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். வேலை செய்ய ஆள் வைத்தால் தனிப் பயனர் பெயர் கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்குங்கள். ஜிஎஸ்டி எண் கேளுங்கள், 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33ல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் என்று காட்டும். எனக்கு அனுப்பிய பில்லில் அந்த எண்ணே இல்லை, நானும் கேட்கவில்லை. 3ஆம் தேதி இறுதிக் கணக்கு வருவதற்கு முன் எவனுக்கும் இரண்டாவது தவணை போடாதீர்கள்.

இன்றைக்கே, இதைப் படித்து முடித்ததும், போனில் மறைமுக உலாவலில் (இன்காக்னிட்டோ) உங்கள் தளத்தைத் திறந்து ஆட்ஸ்.டிஎக்ஸ்டியைப் பாருங்கள். உங்கள் பப் எண்ணோடு ஒப்பிடுங்கள். நீங்கள் சேர்க்காத எண் ஒன்று அங்கே இருந்தால் இரவோடு இரவாக எடுத்துவிட்டு, ஹோஸ்டிங் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.